தேவராஜா விசாரித்த கவுண்டி

மெல்பேர்ணில் உள்ள யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு சம்பந்தம் வந்தால் முதலில் சாதகத்தைப் பார்ப்பார்கள். அடுத்ததாகத் தேவராஜாவுக்குப் போன் எடுப்பார்கள். சாதகத்தில் செவ்வாய் தப்பான இடத்தில் இருந்தால் ஏதாவது பரிகாரம் செய்து சமாளித்துவிடலாம். தேவராஜா சொன்ன தகவலுக்குப் பரிகாரம் செய்யக்கூடிய ஐயர் ஒருவரும் இந்த நாட்டில் இருக்கவில்லை.

அவர் கலியாணத் தரகர் இல்லை. மெல்பேர்ண் புறநகரான பேஸ்வாட்டரில், த பேசின் என்ற இடத்தில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போகிற வழியில், ஒரு செங்கல் வீட்டில் மனைவி விமலாதேவியோடு இருந்தார். கவுன்சில் அலுவலகத்தில் வடிகால்களுக்குப் படம் கீறுவது வேலை. அதற்கு முன்னால் இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் படம் கீறினவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் இருந்த வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். எண்பத்தைந்தில் மனைவியையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். கையில் ஒரு பெட்டிதான் இருந்தது. ஆனால் வடபகுதியின் ஒழுங்கைகள் அத்தனையும் மண்டைக்குள் பத்திரமாக வந்துவிட்டன.

போனில் அவர் விசாரிக்கிற அழகே தனி. "எந்த இடம்?" என்று தொடங்குவார். எதிர்ப்பக்கம் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாது. "அந்த ஊரில எந்தக் குறிச்சி? சங்கக்கடைக்கு மேற்கையா, கிழக்கையா? வீட்டுக்கு முன்னால ஒரு உவர்க்கிணறு இருக்குமே?" என்று போய்க்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்தில் அந்தக் குடும்பம் ரொறொன்ரோவில் இருக்கிறதா லண்டனில் இருக்கிறதா, அவர்களை யாரிடம் கேட்டால் தெரியும் என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். கேட்கிறவர்கள் வாய்விட்டுக் கேட்காமல் சுற்றிச் சுற்றிக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, என்ன ஆக்கள், அதாவது என்ன சாதி என்று. அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லமாட்டார். "அது எனக்குத் தெரியாது" என்பார். தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். மற்றதெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, "நான் விசயத்தைத்தான் சொல்லுவன், முடிவு உங்கட கையில" என்று போனை வைத்துவிடுவார்.

மனுசனுக்கு இதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். சனிக்கிழமை காலையில் போன் மணி அடித்தால், ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருக்கிற விமலாதேவி குசினியிலிருந்து, "நகரசபைத் தலைவர் எழும்புங்கோ, ஊர் கூப்பிடுது" என்று நக்கலாகச் சொல்லுவார். தேவராஜாவும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நிஜமாகவே தலைவர் போல நடந்து போய்க் கதிரையில் உட்காருவார்.

இந்தப் பெருமைக்கு ஒரு விலையும் இருந்தது. மகள் கிரிஜாவின் பள்ளித் தோழி சந்திரகலாவுக்கு ஒரு லண்டன் பெடியனைப் பேசினார்கள். பெட்டைக்கும் அவனைப் பிடித்துக்கொண்டது. சந்திரகலாவின் தகப்பன் போன் எடுத்துக் கேட்டார். பெடியனின் தகப்பன் குடித்துவிட்டுச் சண்டைபிடிக்கிற ஆள் என்று தேவராஜா இருந்ததைச் சொன்னார். கலியாணம் நின்றுபோனது. குடித்தது தகப்பன், பெடியனில்லையே என்று சந்திரகலா அழுத அழுகையைக் கிரிஜா பக்கத்திலிருந்து பார்த்தாள். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் தகப்பனோடு அவள் பேசவே இல்லை.

ஆகவே இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு குளிர் தொடங்குகிற நேரம், கிரிஜா எரிக் என்ற அமெரிக்கப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, முன்னெச்சரிக்கையோடுதான் வந்தாள். அவளுக்கு இருபத்தேழு வயது, பார்மசிஸ்ட், நகரத்தில் தனியாக ஒரு பிளாட்டில் இருந்தாள். எரிக் புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்ய மெல்பேர்ண் யுனிவர்சிட்டிக்கு வந்தவன். புல்லில் ஆராய என்ன இருக்கிறது என்று விமலாதேவிக்கு விளங்கவில்லை. ஆனால் பெடியன் இரண்டாம் தரமும் புட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அத்தோடு விமலாதேவியின் விசாரணை முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

எரிக் போனபிறகு கிரிஜா விசயத்தைச் சொன்னாள். எரிக்கின் தகப்பனுக்கு இடுப்பு முறிந்துவிட்டது. மாட்டுப் பண்ணையைப் பார்க்க ஆளில்லை. அடுத்த வருசம் கலியாணம் முடித்துக்கொண்டு இரண்டு பேரும் அங்கேயே போய் இருக்கப்போகிறார்கள்.

"எந்த இடம்?" என்று தேவராஜா கேட்டார். பழக்கதோசம்.

"நெப்ராஸ்கா."

"நெப்ராஸ்காவில எந்த இடம்?"

"அப்பா, I knew it!" கிரிஜா கையை உயர்த்தினாள். "ஹார்லோ கவுண்டி எண்டு ஒரு இடம். அவ்வளவுதான் சொல்லுவன். நீங்கள் எனக்கு ஒரு promise தரவேணும். எரிக்கைப் பற்றி, அவையின்ர family பற்றி ஒருத்தருக்கும் கோல் எடுத்துக் கேக்கக்கூடாது. ஒருத்தருக்கும்!"

"கவுண்டி எண்டால் என்ன, ஊரில எங்கட டி.ஆர்.ஓ. நிர்வாகப் பிரிவு மாதிரியோ?"

"அப்பா!"

"சரி பிள்ளை, கேக்கமாட்டன்" என்றார் தேவராஜா. சொன்னபோது மனதாரத்தான் சொன்னார்.

ஆனால் ஊர் விசாரிக்காமல் பெண் கொடுப்பது எப்படி? சமையல் பாத்திரம் வாங்கினால்கூடத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் இருக்கிற பழைய கூட்டாளி சிறிதரனுக்குப் போன் எடுத்தார். அமெரிக்காவுக்குத்தானே எடுக்கக்கூடாது, சிட்னிக்கு எடுக்கலாம் என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

"நெப்ராஸ்காவோ?" சிறிதரன் வெடித்துச் சிரித்தார். "மச்சான், நியூ ஜேர்சி எண்டு சொல்லு, கலிபோர்னியா எண்டு சொல்லு, பத்து நம்பர் தாறன். இந்த இடத்தில எங்கட ஆக்கள் விமானத்தில மேலால போறதோட சரி. நீயே விசாரிக்க ஏலாத ஒரு ஊர் உலகத்தில இருக்கெண்டு இப்பதான் அறியிறன்."

இது தேவராஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்குப் போனார். மனிசரிடம்தானே கேட்கக்கூடாது, புத்தகத்திடமும் கம்ப்யூட்டரிடமும் கேட்கலாம். இது அவருடைய இரண்டாவது சட்டம்.

அங்கே உட்கார்ந்த மனுசன் பின்னேரம் பூட்டுகிற மணி அடிக்கும்வரை எழும்பவில்லை. அந்தக் கவுண்டியின் பூமியைப் பார்த்து அசந்துபோனார். முழுக்க மணற்குன்றுகள், ஆனால் பாலைவனம் இல்லை. மணலுக்கு மேலே புல் போர்த்திக்கொண்டிருக்கிறது. மழை முழுவதும் மணலுக்குள் இறங்கி அடியில் கடலளவு நல்ல தண்ணீராக நிற்கிறது. அந்தத் தண்ணீர் ஊறி வருவதால் ஆறு கோடையிலும் வற்றுவதில்லை, மாரியிலும் பெரிதாகப் பெருகுவதில்லை. வழிந்தோட வழியில்லாத சின்னச் சின்னக் குளங்கள் குன்றுகளுக்கு இடையில் கிடக்கின்றன. ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் கிணற்றை நம்பி வளர்ந்த தேவராஜாவுக்கு நிலத்தடித் தண்ணீர் என்றால் உயிர். வீட்டுக்கு வந்ததும், "விமலா, அங்க எங்க தோண்டினாலும் தண்ணிதான். அதுவும் நல்ல தண்ணி!" என்றார்.

"பெடியனும் நல்ல பெடியன்தான்" என்றார் விமலாதேவி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நூலகம்தான். சரித்திரத்தில் இறங்கினார். முதலில் அங்கே பாவ்னி, லக்கோட்டா மக்கள் காட்டெருமை வேட்டையாடினார்கள். வெள்ளைக்காரர் அவர்களைத் துரத்தி ஓரிடத்தில் ஒதுக்கினார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் தேவராஜா இரண்டு தரம் வாசித்தார். பிறகு மாட்டுக்காரர் வந்தார்கள், ரயில் வந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து நாலில் ஒரு சட்டம் வந்து, குடியேறுகிறவனுக்கு அறுநூற்று நாற்பது ஏக்கர் என்றார்கள். சுவீடனிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் கப்பலேறி வந்த சனங்கள், மரம் இல்லாத அந்த ஊரில் புல்லோடு மண்ணை வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். எரிக்கின் பூட்டன் அப்படி வந்த ஒருவராகத்தான் இருக்கவேண்டும் என்று தேவராஜா கணக்குப் போட்டார். டிரேசிங் பேப்பரில் ஆறு, குளம், ரயில் பாதை, ஒற்றைப் பட்டினம், பட்டினத்தில் கோர்ட் கட்டடம் என்று கவுண்டி முழுவதையும் கீறிவிட்டார். யாராவது ஹார்லோ கவுண்டியில் ஒரு சம்பந்தம் என்று போன் எடுத்திருந்தால் குன்றுக்கு எந்தப் பக்கம் என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அந்தச் சில வாரங்கள் மனுசன் வெகு சந்தோசமாக இருந்தார்.

கடைசியாகத்தான் சனத்தொகைக்கு வந்தார். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதில் அந்தக் கவுண்டியில் மூவாயிரத்துக்கு மேல் ஆட்கள். அடுத்த பத்து வருசத்தில் குறைவு. அதற்கடுத்த பத்து வருசத்தில் இன்னும் குறைவு. ஒரு தரம்கூட ஏறவில்லை. இரண்டாயிரத்தில் எழுநூறு பேருக்குக் கிட்ட வந்து நிற்கிறது. பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டியிருக்கிறார்கள். ரயில் நின்றுவிட்டது. தேவராஜா கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பூட்டுகிற மணி அடிக்க முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை.

"என்னப்பா, பெடியனில ஏதும் குறையோ?" என்று விமலாதேவி கேட்டார்.

"பெடியனில ஒரு குறையும் இல்லை. ஊரில ஆக்கள் குறையுது."

"அதுக்கு?"

"ஆக்கள் இல்லாமல் போற ஊருக்குப் பிள்ளையை அனுப்பேலாது விமலா. என்னால ஏலாது."

விமலாதேவி அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். தேவராஜாவின் ஊர் காங்கேசன்துறைக்குக் கிழக்கே கடற்கரையோரம் ஒரு சின்னக் கிராமம். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தில் ஷெல் அடி தொடங்க, சனம் உடுத்த துணியோடு வெளிக்கிட்டது. இரண்டு கிழமையில் வந்துவிடலாம் என்று கோழிகளுக்கு அரிசி எறிந்துவிட்டுப் போனார்கள். பிறகு அங்கே இராணுவத்தைத் தவிர ஒருவரும் கால் வைக்கவில்லை. எல்லா ஊரையும் விசாரிக்கிற தேவராஜா தன்னுடைய ஊரைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. யாராவது கேட்டால், "வடக்குப் பக்கம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரு கிழமை இப்படிப் போனது. அந்த ஊர் நிலைக்குமா நிலைக்காதா என்று தெரியாமல் அவருக்கு நித்திரை வரவில்லை. மூன்றாவது சட்டம் இப்படித்தான் பிறந்தது: பெடியனைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் கேட்கமாட்டேன் என்றுதானே சொன்னேன், கவுண்டியைப் பற்றிக் கேட்கலாம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் எடுத்தார். அங்கே வெள்ளிக்கிழமை பின்னேரம், அலுவலகம் திறந்திருக்கும் நேரம். எடுத்தது கவுண்டி அலுவலகத்தில் ஒரு பெண். குரலிலேயே உபசாரம் இருந்தது.

"மன்னிக்கவேண்டும், உங்கள் கவுண்டியைப் பற்றி மூன்று விசயம் அறியவேண்டும்" என்று தேவராஜா தன்னுடைய அலுவலக ஆங்கிலத்தில் தொடங்கினார். "பள்ளிக்கூடத்தில் இப்போது எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்? டாக்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? ஆட்கள் இன்னும் ஊரைவிட்டுப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்களா?"

"பேசுவது யார் என்று அறியலாமா?"

"நான் ஒஸ்ரேலியாவிலிருந்து, மெல்பேர்ணிலிருந்து..."

அந்தப் பக்கம் சந்தோசத்தில் ஒரு கூச்சல் கேட்டது. "அட கடவுளே! நீங்கள் எங்கள் எரிக் கட்டப்போகிற பெண்ணின் அப்பா!"

தேவராஜா போனை வைத்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு சின்ன ஊருக்குப் போன் எடுத்தால் பொழுதுபடுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்பதை இந்த உலகத்தில் தேவராஜாவைப்போல் அறிந்தவர் கிடையாது. யாழ்ப்பாணத்துக்கு எடுப்பதென்றால் ஆயிரம் தரம் யோசித்து, ஆளைத் தெரிந்துதான் எடுப்பார். அமெரிக்காவென்றால் எல்லாரும் அவரவர் பாட்டில் இருப்பார்கள், அலுவலகத்தில் இருப்பவளுக்கு அலுவலகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டார். எழுநூறு பேர் இருக்கிற இடத்தில் போன் எடுக்கிற பெண் யாருக்காவது சொந்தமாக இல்லாமல் போவாளா? அவள் எரிக்கின் தகப்பனுக்கு ஒன்றுவிட்ட தங்கை.

பதினொரு மணியடிக்க முன்னம் கிரிஜாவின் கார் வாசலில் வந்து நின்றது. காலணியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"You promised me, அப்பா!"

"பிள்ளை, நான் பெடியனைப் பற்றி ஒண்டும் கேக்கேல்ல. கவுண்டியைப் பற்றித்தான்..."

"எரிக்கின்ர அம்மா அவனுக்குக் கோல் எடுத்திருக்கிறா. கிரிஜாவின்ர தகப்பன் எங்களை விசாரிக்கிறார் எண்டு. எனக்கு எவ்வளவு வெக்கம் தெரியுமா? சந்திரகலாவுக்குச் செய்தது காணாதோ? இப்ப எனக்கும் செய்யிறீங்கள்."

தேவராஜாவின் மூன்று சட்டமும் மூலைக்கொன்றாக ஓடிவிட்டன.

"நாங்கள் அங்க போய் ரெஜிஸ்டர் பண்ணுறம்" என்றாள் கிரிஜா. "நீங்கள் வரத் தேவையில்லை. இனி உங்களுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஒண்டுமே."

விமலாதேவி குசினி வாசலில் நின்றபடி, "பிள்ளை, இரு, தேத்தண்ணி குடிச்சிட்டு..." என்றார். கிரிஜா கார்த் திறப்பைத் தேடிப் பையைக் கிண்டினாள். அவள் இப்படியே போய்விட்டால் திரும்பி வரமாட்டாள் என்று தேவராஜாவுக்குத் தெரிந்தது. தகப்பனின் பிடிவாதம் முழுவதையும் உரித்து வைத்துப் பிறந்த பிள்ளை அது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பக்கத்தில் நின்ற கிரிஜாதான் எடுத்தாள். "ஹலோ" என்றவள் முகம் வெளிறிப்போனாள். "எரிக்கின்ர அம்மா. உங்களோட கதைக்கவேணுமாம்." பொத்தானை அமர்த்தி எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். தகப்பன் இன்னும் என்னென்ன கெடுக்கப்போகிறார் என்று கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

"நான் மார்கரெட், எரிக்கிடம் நம்பர் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டவர் நீங்கள்தானே?"

"நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. நான் செய்தது பிழை."

"எதற்கு மன்னிப்பு? அலுவலகத்தில் இருக்கிற என் மச்சாள் சொன்னாள். பள்ளிக்கூடம், டாக்டர், ஊரைவிட்டுப் போகிறவர்கள், இந்த மூன்றையும்தான் கேட்டீர்களாம். எங்களிடம் எத்தனை மாடு, எத்தனை ஏக்கர் என்று கேட்கவில்லையாம். நான் ஒமாஹாவில் பிறந்து இங்கே கலியாணம் கட்டி வந்தவள். அப்போது என் அம்மாவும் இந்த மூன்றையும்தான் கேட்டார். நான் பதில் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மார்கரெட் பூசி மெழுகவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்பும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள். டாக்டரிடம் போகக் காரில் ஒரு மணி நேரம், பனி விழுந்தால் அதுவும் இல்லை. ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மார்கரெட்டின் இரண்டு மகள்களும் போய்விட்டார்கள். எரிக் வராவிட்டால் பண்ணையை விற்றுவிட்டு அவரும் கணவரும் போகவேண்டியதுதான்.

"வந்த புதிதில் இரண்டு குளிர்காலம் நான் அழுதேன்" என்றார் மார்கரெட். "இதையெல்லாம் உங்கள் மகளிடமும் சொல்லிவிட்டேன். அவள் வருகிறேன் என்றுதான் சொல்கிறாள்."

தேவராஜா மகளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவும் அவளுக்கு முதலிலேயே தெரியும். அவர் இத்தனை வாரம் நூலகத்தில் தேடியதை அவள் ஒரு போனிலேயே கேட்டு முடித்திருக்கிறாள். விசாரிக்கிற புத்தி அவளுக்கும் இல்லாமல் இல்லை.

"உங்கள் ஊரில் எத்தனை பேர்?" என்று மார்கரெட் கேட்டார். "மெல்பேர்ணைக் கேட்கவில்லை. நீங்கள் பிறந்த ஊர்."

வடக்குப் பக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது. மார்கரெட்டுக்கு எந்த வடக்கு என்று தெரியும்?

"ஒருவரும் இல்லை" என்றார் தேவராஜா.

"ஒருவரும் இல்லையா?"

"முந்தி ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்தோம். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் எல்லாரும் வெளியேறினார்கள். ஒரே நாளில். இப்போது இராணுவம் இருக்கிறது. திரும்பிப் போக விடுவதில்லை. என் அம்மா வேறொருவர் வீட்டில்தான் கண்ணை மூடினார். என் வீடு இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. அதைக் கேட்க அங்கே எனக்கு ஒரு ஆளும் இல்லை."

குசினியில் விமலாதேவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பதினைந்து வருசமாக இந்த வீட்டில் அந்த வார்த்தைகளை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. கிரிஜா மெதுவாகத் திரும்பித் தகப்பனைப் பார்த்தாள்.

பிறகு மார்கரெட் கேட்டார். "அப்படியென்றால் இந்த விசயம் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்லுங்கள். உங்கள் மகளை நான் இங்கே வரச்சொல்லலாமா, வேண்டாமா? நீங்கள் வேண்டாம் என்றால் நான் எரிக்கிடம் பேசுகிறேன். ஆளில்லாத ஊரில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து வைக்க எனக்கும் மனது ஒப்பவில்லை."

தேவராஜாவை இதுவரை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. விசயத்தைக் கேட்பார்கள், சொல்லுவார், முடிவு அவர்களுடையது. "நான் விசயத்தைத்தான்..." என்று பழக்கத்தில் வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மகள் இங்கேயே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், அல்லது வரமாட்டாள். அந்தச் சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. இத்தனை நாளும் சனத்தொகையைச் சாட்டாக வைத்துக்கொண்டு தான் பயந்தது பிள்ளையை விட்டுப் பிரிவதற்குத்தான் என்பதும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"வரட்டும்" என்றார்.

"நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா?"

"ஓம் அம்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார், பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். "எங்கள் ஊரில் இருக்க ஆசைப்பட்டவர்களைத் துரத்தினார்கள். உங்கள் ஊருக்கு ஒருத்தி தானே விரும்பி வருகிறாள். அவளை மறிக்கிற வேலையை நான் செய்யமாட்டேன். குளிர்காலத்தில் அழுதால் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்."

மார்கரெட் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. "நீங்களும் வந்து பாருங்கள் தேவா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

கிரிஜா கார்த் திறப்பை மேசையில் போட்டாள். தகப்பனுக்கு எதிரே கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"நீங்கள் கோல் எடுத்தது பிழைதான், அப்பா."

"ஓம் பிள்ளை, பிழைதான்."

"இனி எடுக்கக்கூடாது."

"இனி நான் ஏன் எடுக்கப்போறன்? அந்த மனிசி எடுக்கும்."

கிரிஜாவுக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. "கலியாணத்தை இஞ்ச, பேசின் கோயில்லயே வைப்பம்" என்றாள். "அப்பாதான் கைபிடிச்சுக் குடுக்கவேணும்."

"அப்ப நான் என்ன சும்மா நிக்கிறதோ?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார் விமலாதேவி. பிறகு சோற்றுப் பானையை இறக்கப் போனார்.

அன்று தேவராஜா வயிறு நிறையச் சாப்பிட்டார். துக்கம் போய்விடவில்லை, அது பக்கத்தில்தான் இருந்தது. ஆனாலும் மனதில் ஒரு நிறைவு. இத்தனை வருசமும் யார் எங்கே போனார்கள், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்றுதான் அவர் ஊர்களை அறிந்து வைத்திருந்தார். ஓர் ஊருக்கு அவர் ஆள் கொடுத்தது இதுதான் முதல் தடவை.